ராத்திரித் தூக்கத்தைக் காலையிலேயே சம்பாதித்துக்கொள்

“அக்கா, பதினோரு மணிக்கே படுத்துட்டேன். ரெண்டு மணி வரைக்கும் கண்ணைக் கொட்டிக்கிட்டே கிடந்தேன்” என்று சொல்லும் தங்கச்சிகள் எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி. நேற்றுக் காலை எத்தனை மணிக்கு எழுந்தாய்? எழுந்து எவ்வளவு நேரம் கழித்து வெளி வெளிச்சத்துக்கு வந்தாய்? பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். எழுந்தது எட்டே முக்கால். அவசரமாக முகம் கழுவி, விடுதி வராந்தா வழியாகவே வகுப்புக்குள் நுழைந்தாயிற்று. வெயில் முகத்தில் பட்டதே மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தபோதுதான்.

தூக்கம் வரவில்லை என்றால் அதை ராத்திரியில் சரிசெய்யப் பார்ப்பதுதான் நம் எல்லோருடைய வழக்கமும். சூடாகப் பால் குடிக்கிறோம், தலையணையை மாற்றுகிறோம், போனில் மழைச் சத்தம் போட்டுக் கேட்கிறோம். கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் தூக்கத்தை ஆராய்ந்த மனநல, உடலியல் அறிஞர்கள் நமக்குக் கொடுத்திருக்கும் பெரிய பாடம் வேறு. ராத்திரி எத்தனை மணிக்குக் கண் சொக்கும் என்பதில் பெரும் பங்கு அன்று காலையிலேயே முடிவாகிவிடுகிறது. ஏன் என்று தெரிந்துகொண்டால்தான் நான் சொல்லப்போகும் டிப்ஸெல்லாம் உன் கையில் நிற்கும். அதனால் முதலில் கொஞ்சம் கதை சொல்கிறேன்.

குகைக்குள் போய்ப் படுத்தவர்கள்

நம் உடம்புக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறதா, அல்லது சூரியனைப் பார்த்துத்தான் தூங்கி எழுகிறோமா? இதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் சூரியனே தெரியாத இடத்தில் ஓர் ஆளைக் கொண்டுபோய் விட வேண்டும். 1962-இல் மிஷேல் சீஃப்ர் என்ற 23 வயது பிரெஞ்சு இளைஞர் ஆல்ப்ஸ் மலையில் ஸ்கரசோன் என்ற பாதாளக் குகைக்குள் கைக்கடிகாரம் இல்லாமல் இறங்கினார். இரண்டு மாதம் தனியாக இருந்தார். பசித்தபோது சாப்பிடுவார், தூக்கம் வந்தபோது படுப்பார், ஒவ்வொன்றையும் மேலே இருந்த குழுவுக்குப் போன் செய்து சொல்வார். அவர்கள் மட்டும் அவருக்கு நேரம் சொல்லக் கூடாது. போனில் ஒரு சோதனையும் உண்டு: விநாடிக்கு ஓர் எண் என்று 120 வரை எண்ண வேண்டும். இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டியதை அவர் ஐந்து நிமிடம் எண்ணிக்கொண்டிருந்தார். செப்டம்பர் 14 அன்று “முடிந்துவிட்டது, மேலே வரலாம்” என்று சொன்னபோது அவருடைய கணக்கில் தேதி ஆகஸ்ட் 20.

மனசு போட்ட கணக்கு அவ்வளவு தப்பு. ஆனால் அவர் படுத்ததையும் எழுந்ததையும் மேலே இருந்தவர்கள் குறித்து வைத்திருந்தார்களே, அதை எடுத்துப் பார்த்தால் உடம்பு தப்பவில்லை. சுமார் இருபத்து நாலரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று ஒழுங்காகச் சுற்றியிருந்தது.

அந்தப் பத்தாண்டில்தான் ஜெர்மனியில் ஆண்டெக்ஸ் என்ற ஊரில் யூர்கன் ஆஷோஃப் என்ற அறிஞர் பூமிக்கடியில் ஜன்னல் இல்லாத அறைகள் கட்டி ஆட்களை வாரக்கணக்கில் தங்கவைக்கத் தொடங்கினார். வருஷக்கணக்கில் நூற்றுக்கணக்கானவர்கள் அங்கே இருந்து பார்த்தார்கள். அவர்களுடைய ‘ஒரு நாள்’ சராசரியாக 25 மணி நேரம் என்று வந்தது. மனிதக் கடிகாரத்துக்கு 25 மணி நேரம் என்று பாடப் புத்தகங்களிலும் ஏறிவிட்டது. 1999-இல் ஹார்வர்டின் சார்ல்ஸ் செய்ஸ்லர் குழு ஆட்களை மங்கலான வெளிச்சத்தில் வைத்துத் திரும்பவும் அளந்தபோது கிடைத்த விடை 24 மணி 11 நிமிடம்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ஆண்டெக்ஸ் அறையில் விளக்கை அவரவரே போட்டு அணைத்துக்கொள்ளலாம். படுக்கும்வரை விளக்கெரிய உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரி நேரத்தில் கண்ணில் விழுந்த அந்த வெளிச்சம் அவர்கள் கடிகாரத்தைத் தினமும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசி, தங்கச்சி. ஒரு மணி வரைக்கும் டியூப்லைட் வெளிச்சமும் கையில் போனுமாக விடுதி அறையில் உட்கார்ந்திருக்கும்போது உனக்கு நடப்பதும் இதுதான். அங்கே அவர்களைக் காப்பாற்றக் காலை வெயில் இல்லை. உனக்கு இருக்கிறது, நீதான் போய் நிற்பதில்லை.

நம் மதுரைக்கும் இந்த ஆராய்ச்சியில் பெரிய பங்கு உண்டு. ஜெர்மனியில் ட்யூபிங்கனில் ஆய்வு செய்துவிட்டு வந்த பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரன், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கடிகார ஆராய்ச்சியை வளர்த்தார். நேரம் தெரியாமல் ஆள் தனியாகத் தங்கும் ஆய்வறை ஒன்றையும் அங்கே அமைத்தார். அங்கே தங்கிய ஒரு பெண்ணை வைத்து நடந்த ஆய்வு 1991-இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் வந்தது. தூங்கி விழிக்கும் சுற்றோடு மாதவிலக்குச் சுற்று பிணைந்திருக்கவில்லை, இரண்டும் தனித்தனிக் கணக்கில் ஓடுகின்றன என்பது அதன் முடிவு. பெண் உடம்பைப் பற்றி இப்படிப் பொறுமையாக ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தது நம் ஊரில் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

அதே குழு மதுரையைச் சுற்றியுள்ள குகைகளில் வௌவால்களையும் கவனித்தது. வெளிச்சமே எட்டாத குகையின் உட்பகுதியில் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். சுற்றிலும் அதன் கூட்டம் சாயங்காலம் இரை தேடப் பறந்து போய் விடியும் முன் திரும்பிக்கொண்டிருந்தது. சூரியனைக் காணாவிட்டாலும் கூண்டுக்குள் இருந்த வௌவால் கூட்டத்தின் நேரத்துக்கே விழித்து, கூட்டத்தின் நேரத்துக்கே ஓய்ந்தது. வேறு வௌவால் எதுவும் இல்லாத குகையில் தனியாக வைத்தபோது அதன் நேரம் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போனது. வௌவாலுக்குச் சரியாக இருப்பது நமக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். மனிதருக்கு வெளிச்சம்தான் முதல் கட்டளை. ஆனால் விடுதி அறையில் நான்கு பேர் இருந்தால், அந்த நான்கு பேரும் எப்போது விளக்கணைக்கிறார்கள் என்பது உன் தூக்கத்தையும் நிர்ணயிக்கிறது. சண்டை போடாமல் ஒரு நாள் எல்லோரும் உட்கார்ந்து ‘இத்தனை மணிக்குப் பெரிய லைட் ஆஃப்’ என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் படிக்க வேண்டியவள் டேபிள் லேம்ப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துப் படிக்கட்டும்.

எழும் நேரத்தைப் பிடித்துக்கொள்

கடிகாரம் நாளைக்குப் பதினோரு நிமிடம் பிந்துகிறது என்றால், யாராவது தினமும் அதைத் திருப்பி வைக்க வேண்டும். திருப்பி வைப்பது காலை வெளிச்சம். மூளையின் அடிப்பக்கத்தில், இரண்டு கண்ணின் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 செல்கள் கொண்ட மிகச் சிறிய நரம்புக் கொத்து ஒன்று இருக்கிறது. அதுதான் உடம்பின் தலைமைக் கடிகாரம் என்பது 1972-இல் தெரிந்தது. விழித்திரையில் பார்ப்பதற்கென்று இருக்கும் செல்கள் போக, ‘வெளியே பகலா, இரவா’ என்ற செய்தியை மட்டும் இந்தக் கொத்துக்கு அனுப்பத் தனியாகச் சில செல்கள் இருப்பதை 2002-இல் கண்டுபிடித்தார்கள். பார்வை முழுக்க இழந்தவர்கள் சிலருக்குக்கூட இந்தச் செல்கள் வேலை செய்கின்றன.

இந்தச் செல்களுக்கு வீட்டு விளக்கு பகலாகத் தெரியாது. நன்றாக டியூப்லைட் எரியும் அறையில் வெளிச்சத்தின் அளவு நூறிலிருந்து முந்நூறு லக்ஸ் வரைக்கும்தான். மேகம் மூடிய காலையில் வெளியே வந்து நின்றாலே ஆயிரக்கணக்கில் இருக்கும். நல்ல வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காபி குடிப்பதும் மாடிக்குப் போய்க் குடிப்பதும் உனக்கு ஒன்றாகத் தெரியலாம், உன் கடிகாரத்துக்கு அப்படி இல்லை.

அதனால் ஒரு நேரத்தைத் தீர்மானி. ஆறரையோ ஏழோ, உன் வேலைக்கு எது ஒத்து வருமோ அது. திங்கள் முதல் ஞாயிறு வரை அதே நேரம். எழுந்த அரை மணிக்குள் வெளியே போய் இருபது, முப்பது நிமிடம் இரு. சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம், கண்ணுக்குக் கெடுதல். மொட்டை மாடியில் துணி காயப்போடு, பால் வாங்க நடந்து போ, வாசலில் கோலம் போடும் வேலை உன் பங்குக்கு வந்தால் தட்டிக் கழிக்காதே. கறுப்புக் கண்ணாடியைப் பத்து மணி வெயிலுக்கு வைத்துக்கொள்.

படுக்கும் நேரத்தைப் பற்றிக் கவலைப்படாதே. ‘பத்து மணிக்குத் தூங்கியே ஆக வேண்டும்’ என்று உடம்புக்கு யாரும் உத்தரவு போட முடியாது. ‘ஆறரைக்கு எழு’ என்று போடலாம், அலாரம் இருக்கிறது. முதல் மூன்று நான்கு நாள் கண் எரியும், பகலில் எரிச்சல் வரும். விடாதே. 2013-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கென்னத் ரைட் குழு எட்டுப் பேரைக் கோடைக் காலத்தில் ஒரு வாரம் மலையில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தது. போன் இல்லை, டார்ச் இல்லை. சூரியனும் ராத்திரியில் நெருப்பும் மட்டும்தான். அந்த ஒரே வாரத்தில் அவர்கள் உடம்பில் இரவைச் சொல்லும் மெலட்டோனின் சுரக்கத் தொடங்கும் நேரம் சுமார் இரண்டு மணி நேரம் முன்னால் வந்துவிட்டது. ‘நான் ராத்திரிப் பறவை, என் சுபாவமே அப்படி’ என்று சொல்கிறவர்கள் இதை ஒரு முறை யோசிக்க வேண்டும். சுபாவம் என்று ஒன்று உண்டுதான்; ஆனால் அதில் எவ்வளவு சுபாவம், எவ்வளவு விளக்கு வெளிச்சம் என்பது காலை வெயிலில் ஒரு வாரம் நின்று பார்த்தால்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வரை தூங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாரம் முழுக்க ஏழுக்கு எழுந்துவிட்டு ஞாயிறு பதினொன்றுக்கு எழுந்தால், உடம்புக்கு அது நான்கு மணி நேரம் வித்தியாசப்படும் வேறு தேசத்துக்குப் போய்த் திரும்பியதற்குச் சமம். ஜெர்மானிய ஆய்வாளர் டில் ரோனபெர்க் இதற்குச் ‘சமூக ஜெட்லாக்’ என்றே பெயர் வைத்தார். திங்கட்கிழமை காலை உனக்கு வரும் தலைபாரத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். வாரம் முழுக்கத் தூக்கம் குறைந்திருந்தால் ஞாயிறு ஒரு மணி நேரம் கூடுதலாகப் படு, மீதியை மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்து தீர்த்துக்கொள்.

அம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை

வீட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இந்தப் பகுதியை அம்மாவிடம் படித்துக் காட்டு. வயதுக்கு வரும் பருவத்தில் பிள்ளைகளின் உடம்புக் கடிகாரமே பிந்திப் போகிறது என்பதை அமெரிக்காவில் மேரி கார்ஸ்கடன் பல வருஷ ஆய்வில் நிறுவியிருக்கிறார். பத்து மணிக்குப் படு என்றால் அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் வராது. ஐந்து மணிக்கு எழுப்பினால் அது அதன் உடம்புக்கு நடு ராத்திரி. ரோனபெர்க் குழுவின் கணக்கில் இந்தப் பிந்துதல் பெண்களுக்குப் பத்தொன்பதரை வயது வாக்கிலும் ஆண்களுக்கு இருபத்தொன்று வாக்கிலும் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல முன்னுக்கு வருகிறது. பதின்பருவப் பிள்ளைக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு டியூஷன், அது முடிந்து பள்ளிக்கூடம், சாயங்காலம் மறுபடி நீட் கோச்சிங் என்று ஓட்டிவிட்டு, ‘புத்தகத்தைத் திறந்தாலே தூங்குறா, சோம்பேறி’ என்று சொல்வது அநியாயம். கலிஃபோர்னியாவில் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று 2022 ஜூலையிலிருந்து சட்டமே இருக்கிறது. நம் ஊரில் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். விடியற்காலை டியூஷனைச் சாயங்காலத்துக்கு மாற்றித் தரக் கேட்கலாம்.

காபியும் மதியத் தூக்கமும்

தூக்கத்தை வரவழைப்பது கடிகாரம் மட்டும் இல்லை. சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பே 1982-இல் இதை இரண்டு சக்திகளாகப் பிரித்துச் சொன்னார். ஒன்று கடிகாரம். இன்னொன்று விழித்திருக்கும் நேரத்தில் ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். இந்த அழுத்தத்துக்குப் பின்னால் மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. காபியில் உள்ள கஃபைன் அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு போய்விட்டது என்று நினைக்கிறோம். செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

குடித்த கஃபைனில் பாதி வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். நான்கரைக்கு டபரா நிறைய டிகிரி காபி குடித்தால் ஒன்பதரைக்கும் பாதி உள்ளே இருக்கிறது. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்னும் அதிக நேரம் தங்கும். 2013-இல் வந்த ஓர் ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் கஃபைன் எடுத்தவர்களுக்குத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. அது பெரிய அளவுதான், ஒரு டம்ளர் காபியில் அவ்வளவு இருக்காது. ஆனாலும் தூக்கம் வராமல் தவிக்கிறவள் இரண்டு மணிக்கு மேல் காபி, டீ, கோலா மூன்றையும் ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கலாம். சாயங்காலம் சூடாக ஏதாவது வேண்டும் என்றால் சுக்கு மல்லிக் காபி போட்டுக்கொள், பெயரில்தான் காபி.

மதியம் வரும் தூக்கம் சோற்றால் வருகிறது என்றே எல்லோரும் நினைக்கிறோம். சாப்பிடாதவர்களுக்கும் அந்த நேரத்தில் ஒரு தொய்வு வருகிறது. உடம்புக் கடிகாரத்திலேயே அது இருக்கிறது. அதனால் மதியம் கண்ணயர்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இருபது நிமிடம், மூன்று மணிக்கு முன்னால். அலாரம் வைத்துக்கொள். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் இறங்கிவிடுவாய். நடுவில் எழுந்தால் தலை கிறுகிறுவென்று இருக்கும். சாயங்காலம் ஆறு மணித் தூக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நான்கு பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு ‘பசியே இல்லை’ என்று சொல்வது மாதிரிதான் அது.

படுக்கையில் என்ன செய்கிறாய்?

போனைப் பற்றி எல்லோரும் திட்டியாயிற்று, நான் அளவோடு சொல்கிறேன். 2015-இல் ஹார்வர்ட் குழு ஒரே ஆட்களை ஒளிரும் திரையில் சில நாளும் காகிதப் புத்தகத்தில் சில நாளும் ராத்திரி படிக்க வைத்துப் பார்த்தது. திரையில் படித்த நாட்களில் கண்ணயரச் சுமார் பத்து நிமிடம் கூடுதலாயிற்று. மெலட்டோனின் சுரப்பும் பிந்திப்போனது. திரை வெளிச்சத்தால் இழப்பது அவ்வளவுதான் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ரீல்ஸ் பார்த்து ஒன்றரை மணி நேரம் போவது வெளிச்சத்தால் இல்லை, விட மனசு வராததால். அதற்கு மஞ்சள் ஃபில்டர் போட்டுப் பிரயோஜனம் இல்லை. போனைக் கை எட்டாத இடத்தில், கதவுப் பக்கம் இருக்கும் பிளக்கில் சார்ஜ் போடு. அலாரத்துக்காகத்தான் பக்கத்தில் வைக்கிறேன் என்றால் கடையில் ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்.

இப்போது விடுதிக் கட்டிலைப் பார்ப்போம். அதில் உட்கார்ந்து சாப்பிடுகிறாய், ரெக்கார்டு எழுதுகிறாய், வீட்டுக்கு வீடியோ கால் பேசுகிறாய், அழுகிறாய், பிறகு அதிலேயே தூக்கம் வர வேண்டும் என்கிறாய். மனநல ஆய்வாளர் ரிச்சர்ட் பூட்ஸின் 1972-இல் தூக்கமின்மைக்கு ஒரு சிகிச்சை சொன்னார். இன்றுவரை மிக நன்றாக நிரூபிக்கப்பட்ட வழிகளில் ஒன்று அது. படுக்கை தூங்க மட்டும். தூக்கம் வந்தால்தான் படுக்க வேண்டும். படுத்துத் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும். கண் சொக்கினால்தான் திரும்ப வர வேண்டும். எத்தனை முறை ஆனாலும் சரி. எழும் நேரம் மட்டும் மாறக் கூடாது. படுக்கை என்றாலே ‘விழித்துக்கிடந்து கவலைப்படும் இடம்’ என்று மனசு பழகிப்போயிருக்கிறது, அந்தப் பழக்கத்தை உடைப்பதுதான் இது.

விடுதியில் வேறு இடம் எங்கே என்று கேட்பாய். தரையில் ஒரு பாய் விரி. படிப்பது, சாப்பிடுவது, பேசுவது எல்லாம் பாயில். கட்டிலில் ஏறுவது தூங்க மட்டும். நடு ராத்திரி எழுந்தால் பாயில் உட்கார்ந்து சின்ன வெளிச்சத்தில் ஏதாவது பழைய பத்திரிகையைப் புரட்டு. கடிகாரத்தைப் பார்க்காதே, ‘இன்னும் நாலு மணி நேரம்தான் இருக்கு’ என்ற கணக்கே தூக்கத்தை விரட்டும். சுமார் இருபது நிமிடம் ஆகியிருக்கும் என்று தோன்றினாலே எழுந்துவிடலாம்.

தலைக்குள் நாளைய வேலைகள் ஓடினால் எழுதி வை. 2018-இல் அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைப் பாதியாகப் பிரித்து, படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, இனி செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். ‘ப்ராஜெக்ட்’ என்று ஒரே வார்த்தையாக எழுதாமல் ‘மேடத்திடம் கையெழுத்து, ஸ்பைரல் பைண்டிங், இரண்டு காப்பி’ என்று விவரமாக எழுது. விவரம் கூடினால் பலனும் கூடியது.

இன்னொன்று, சூடு. தூங்க வேண்டுமானால் உடம்பின் உட்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். கை, கால் வழியாகத்தான் அந்தச் சூடு வெளியேறும். படுக்க ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால் தோலுக்கு ரத்தம் வந்து, பிறகு உள்ளே சூடு தணியும். சித்திரை, வைகாசியில் வெந்நீர் வேண்டாம். தொட்டித் தண்ணீரே போதிய சூடாக இருக்கும்.

பரீட்சை ராத்திரி

சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆய்வு மாணவர், தூங்கிக்கொண்டிருந்த தன் சின்ன மகனின் இமைக்குள் கண் உருள்வதைக் கருவியில் கவனித்துத்தான் கனவுத் தூக்கத்தைக் கண்டுபிடித்தார். அவரும் அவருடைய பேராசிரியர் நதானியேல் கிளைட்மனும் 1953-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் நவீனத் தூக்க ஆராய்ச்சி தொடங்குகிறது என்று சொல்லலாம். ராத்திரி முழுக்கத் தூக்கம் ஒரே மாதிரி இருப்பதில்லை. சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று; முதல் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், விடியும் பக்கம் கனவுத் தூக்கம் அதிகம். நான்கு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தால் நீ வெட்டி எறிவது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பங்கை.

படித்தது மனசில் தங்கத் தூக்கம் வேண்டும் என்பது 1924-லிருந்தே தெரிந்த விஷயம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் இரண்டு மாணவர்களுக்கு அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். படித்துவிட்டுத் தூங்கியபோது, விழித்திருந்ததைவிட மிக அதிகமாக நினைவில் நின்றது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி ‘நைட் அவுட்’ போடுகிறவள் படித்ததைக் கொட்டிவிட்டுப் போகிறாள்.

இதைவிட எனக்குப் பயம் தருவது 2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வந்த முடிவு. தினமும் ஆறு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டு இரண்டு வாரம் பார்த்தார்கள். கவனம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போய், கடைசியில் ராத்திரி முழுக்கத் தூங்காதவர்கள் அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் ‘உனக்குத் தூக்கக் கலக்கம் எவ்வளவு?’ என்று கேட்டால், கொஞ்சம்தான் என்றார்கள். ‘எனக்கு ஆறு மணி நேரம் போதும்க்கா, பழகிடுச்சு’ என்று நீ சொல்லும்போது நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

சில பேர் விடியற்காலையில் விழித்துக்கொண்டு, கை காலை அசைக்க முடியாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி பயந்து போயிருப்பார்கள். அமுக்குவான் பேய் என்று பாட்டி சொல்லியிருப்பார். கனவுத் தூக்கத்தில் கை கால் தசைகள் தளர்ந்து செயலற்று இருக்கும். மனசு விழித்தும் அந்தத் தளர்ச்சி சில விநாடி, சில நிமிடம் விலகாமல் இருப்பதுதான் அது. தூக்கம் கெட்டு, நேரம் தாறுமாறாகும்போது அதிகம் வரும். ஆபத்து இல்லை. விரல் நுனியை அசைக்கப் பார், தானாகவே விலகிவிடும்.

நைட் ஷிஃப்ட் பார்க்கிறவளுக்கு

செவிலியராக, மில்லில், கால் சென்டரில் ராத்திரி வேலை பார்க்கும் தங்கச்சிகளிடம் மேலே சொன்னதை அப்படியே சொன்னால் அது கொடுமை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: உடம்பு இதற்கு முழுசாகப் பழகுவதில்லை. 1938-இல் கிளைட்மனும் அவருடைய மாணவர் ப்ரூஸ் ரிச்சர்ட்சனும் கென்டக்கியில் மம்மத் குகைக்குள் 32 நாள் தங்கி, 28 மணி நேரத்தை ஒரு நாளாக வைத்து வாழப் பார்த்தார்கள். இளைஞரான ரிச்சர்ட்சனுக்கு ஓரளவு பழகியது. நாற்பது தாண்டிய கிளைட்மனுக்கு உடம்புச் சூடு 24 மணி நேரச் சுற்றை விடவே இல்லை.

செய்ய முடிந்தவை சில உண்டு. ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் தூங்கிக்கொள். காபி ஷிஃப்டின் முதல் பாதியோடு சரி. காலையில் முடித்து வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள். அந்த வெயில் உன்னைத் தூங்கவிடாது. வீட்டுக்கு வந்து சமையல், துணி என்று தொடங்காமல் நேராகப் படு. ஜன்னலுக்குக் கனமான போர்வை, போன் சைலன்ட். பகலில் அவள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று அத்தனை வேலையும் அவள் தலையில் கட்டும் வீடுகளைப் பார்க்கிறேன். அவளுக்கு அதுதான் ராத்திரி என்பதை வீட்டில் உள்ளவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் விழிப்பு அடிமட்டத்துக்குப் போய்விடும். கண் சொருகிக்கொண்டு வந்தால் ஸ்கூட்டியை எடுக்காதே, பஸ்ஸில் வா.

டாக்டரிடம் எப்போது?

வாரத்தில் மூன்று ராத்திரியாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதமாகத் தொடர்கிறது என்றால் டிப்ஸோடு நிற்காதே, டாக்டரைப் பார். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வந்து, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலும் பார்க்க வேண்டும். படுத்தால் காலில் ஊறுகிற மாதிரி இருந்து ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச் சத்தைச் சோதிக்கச் சொல். நம் பெண்களுக்கு அது குறைவாக இருப்பது சகஜம். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, எதிலும் மனசு ஒட்டாமல், வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அது தூக்கத்தின் பிரச்சினை மட்டும் இல்லை. அதை மறைக்காதே.

மருந்துக் கடையில் கேட்டோ, அத்தைக்கு எழுதிக் கொடுத்ததிலிருந்து எடுத்தோ தூக்க மாத்திரை போட வேண்டாம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் பேச்சு வழிச் சிகிச்சையைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இலேயே பரிந்துரைத்துவிட்டது. பூட்ஸின் சொன்னதும் அதில் ஒரு பகுதி. மனநல ஆலோசகரைப் பார்க்க வெட்கமாக இருந்தால் முதலில் போனில் பேசு. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.